கருக்கலைப்பு: வாரங்கள் எங்கே தொலைகின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருக்கலைப்பு பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறோம். கருவில் இருப்பதும் உயிர்தானே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். உடல் பெண்ணுடையது, முடிவும் அவளுடையதே என்று வேறு சிலர். இக்கடிதத்தில் கையெழுத்திட்டிருக்கும் ஐவரில் மூவர் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர்கள். ஒருவர் பச்சிளங்குழந்தை மருத்துவர். இன்னொருவர் கிராம சுகாதார செவிலியர். கரு தரித்த நாள் முதலே அது மனித உயிர் என்று உறுதியாக நம்புகிறவர் எங்களில் உண்டு. வளர வளரத்தான் அதன் உரிமை கூடுகிறது என்று கருதுகிறவரும் உண்டு. அந்தக் கேள்வியை நாங்கள் இங்கே தீர்க்கப்போவதில்லை. நம் நாட்டில் இந்த விவாதம் முழுவதும் வாரக் கணக்கில்தான் வந்து நிற்கிறது, அந்த வாரங்களைப் பெண்ணிடமிருந்து தின்றுவிடுகிறவர்கள் நாம் எல்லோரும்தான் என்பதில் மட்டும் ஐவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். 27 வயதுத் தாய், இரண்டு குழந்தைகள், இரண்டாவது பிரசவத்துக்குப் பின் மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்தவர். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை. மீண்டும் கர்ப்பம் என்று ஸ்கேனில் தெரிந்தபோதே ஏறக்குறைய 24 வாரம். இரு நீதிபதிகள் அமர்வு முதலில் அனுமதித்தது. சிசு உயிரோடு பிறந்து பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, அதன் இதயத்தை முதலில் நிறுத்த வேண்டுமா என்று எய்ம்ஸ் மருத்துவர் கேட்டு எழுதிய பிறகு அதே இரு நீதிபதிகளும் கருத்து மாறுபட்டார்கள். அக்டோபர் 16 அன்று, கர்ப்பம் 26 வாரம் 5 நாளைத் தாண்டிவிட்ட நிலையில், தலைமை நீதிபதி அமர்வு அனுமதி மறுத்தது. நாடே இரண்டாகப் பிரிந்து உயிரின் மதிப்பு பற்றிப் பேசியது. பால் கொடுக்கிற காலத்தில் கரு தங்காது என்ற நம்பிக்கையைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

அந்த நம்பிக்கைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. தண்ணீர், கஞ்சி, பால்மாவு எதுவும் கொடுக்காமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் ஒருமுறைகூட விலக்கு வந்திருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று போனாலும் பாதுகாப்பு போய்விடும். அதோடு, முதல் மாதவிலக்குக்கு முன்னரே கருமுட்டை வெளிவந்துவிடும். எனவே "இன்னும் தலைக்கு ஊற்றவே இல்லை, எப்படி நிற்கும்?" என்று கேட்கிற பெண்ணுக்கு நான்கைந்து மாதம் வயிற்றில் இருப்பது அபூர்வம் அல்ல. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையிலேயே காப்பர்-டி பொருத்திக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியைப் பால் கொடுக்கிறவர்கள் ஆறாவது வாரத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். இரண்டும் இலவசம். இதை வீட்டுக்கு அனுப்பும் நாளில் தாயிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொன்னால், உச்ச நீதிமன்றம் வரை போகிற வழக்குகளில் சில தொடங்கவே தொடங்காது.

சட்டத்தைப் பற்றி வாசகர்கள் எழுதியதில் சில திருத்தங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இல் கருக்கலைப்பு உரிமை தந்து 2022 ஜூன் 24-இல் அதைப் பறித்த கதையை நம் நாட்டோடு பலர் பொருத்திப் பார்க்கிறார்கள். நம் சட்டம் அந்த வழியில் வந்ததே இல்லை. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவில் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. கலைத்தவருக்கும் தண்டனை, தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை. மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவிலும் இதுவேதான். ஆக, ஆதியிலிருந்தே சட்டம் கருவின் வளர்ச்சியைப் பார்த்துத்தான் எடை போட்டிருக்கிறது. நம் வீடுகளிலும் அப்படித்தானே? நாள் தள்ளிப்போன சேதியை மூன்று மாதம் வெளியே சொல்வதில்லை. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி ஊரறியச் செய்கிறோம். (இலங்கையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 303-ஆம் பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும்தான் அங்கே விலக்கு.)

எருக்கங்குச்சி செருகி, சீழ் பிடித்து, டெட்டனஸ் கண்டு பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்குவது பற்றி ஆராய 1964-இல் சாந்திலால் ஷா குழு அமைக்கப்பட்டது. 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது, 1972 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. தாய்மாரின் சாவைத் தடுக்க வந்த சட்டம் அது. அது பெண்ணுக்குக் கேட்டவுடன் கிடைக்கும் உரிமை எதையும் தரவில்லை. மருத்துவர் நல்லெண்ணத்தோடு ஒரு கருத்துக்கு வந்து செய்தால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அதனால்தான் பயந்த மருத்துவர் கையில் அந்தச் சட்டம் வெறும் காகிதமாகிவிடுகிறது.

அந்தச் சட்டத்தின் 2021 திருத்தம் நடைமுறைக்கு வந்த 2021 செப்டம்பர் 24 முதல் நிலவரம் இது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இரு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் விதிகளில் குறிப்பிட்ட பெண்களுக்கு மட்டும்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது நிறையாதவர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர் அல்லது மணமுறிவு ஆனவர், கடும் உடல் ஊனமோ மனநோயோ உள்ளவர், சிசுவுக்குப் பெருங்குறை உள்ளவர், பேரிடரில் சிக்கியவர். மணமாகாத பெண்ணும் இந்த வரிசையில் வருவார் என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கணவனே பலவந்தம் செய்து உண்டான கர்ப்பமும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு வன்புணர்வுதான் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 24 வாரத்துக்கு மேல் என்றால் சிசுவுக்குக் கடுமையான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் புறம்பாக ஐந்தாம் பிரிவு ஒன்று இருக்கிறது. அதை மருத்துவர்களே மறந்துவிடுகிறார்கள். தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் வார வரம்பு இல்லை, இரண்டாவது மருத்துவர் வேண்டாம், வாரியமும் வேண்டாம். 17-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்து, காய்ச்சல் ஏறி, நாடித் துடிப்பு வேகமாகிறது என்றால் சிசுவின் இதயத் துடிப்பு நிற்கட்டும் என்று காத்திருப்பது கொலைக்குச் சமம். கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் அப்படிக் காத்திருக்க வைக்கப்பட்டுத்தான் இறந்தார். அந்த மரணம் உலுக்கிய நாடு 2018 மே மாத வாக்கெடுப்பில் தன் அரசியல் சாசனத்தையே திருத்தியது.

இனி வாரக் கணக்கு. கரு தரித்த நாளிலிருந்து எண்ணுவதாகப் பலர் நினைக்கிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதுதான் மருத்துவ வழக்கம். எனவே "ஒரு வாரம்தான் தள்ளிப்போயிருக்கு" என்று வருகிற பெண்ணுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. தேதி நினைவில்லாதவர்களிடம் ஆடிப் பதினெட்டுக்கு முன்னா பின்னா, தீபாவளிக்குக் குளித்திருந்தாயா என்று கேட்டுப் பிடிக்க வேண்டும். 13 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் வயதைச் சொன்னால் பிழை பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் போகாது. முதல் ஸ்கேனே 22 வாரத்தில் என்றால் பிழை பத்து நாளுக்குக் குறையாது. 24 வாரம் என்ற கோட்டின் அருகே நிற்கும் பெண்ணுக்கு இந்தப் பத்து நாள்தான் அனுமதியா மறுப்பா என்று தீர்மானிக்கிறது. நாள் தள்ளிப்போன ஒரு வாரத்தில் காலையின் முதல் சிறுநீரில் அட்டைப் பரிசோதனை செய்து, ஆறு ஏழு வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் கர்ப்பம் தொடரட்டும் தொடராமல் போகட்டும், கணக்கு கையில் இருக்கும்.

அந்த ஸ்கேனைத் தவிர்க்கிற வழக்கத்தால்தான் மாத்திரை ஆபத்தாகிறது. லான்செட் குழும மருத்துவ இதழில் 2018-இல் வெளியான, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களின் தரவைக் கொண்ட ஆய்வு, 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி என்று மதிப்பிட்டது. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று மருத்துவமனைக்கு வெளியே நடந்தவை, பெரும்பாலும் மாத்திரையால். மாத்திரை கெட்டதல்ல. ஒன்பது வாரம், அதாவது 63 நாள் வரை, மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் மிகப் பாதுகாப்பானது. பெட்டியில் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்றும் மிசோப்ரோஸ்டால் நான்கும் இருக்கும். முதலாவது கருவைத் தாங்கும் ஹார்மோனைத் தடுக்கிறது. ஒன்றிரண்டு நாள் கழித்து எடுக்கும் இரண்டாவது வகை கருப்பையைச் சுருங்கவைத்து வெளியேற்றுகிறது.

கோளாறு எங்கே வருகிறது என்றால், கரு கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருக்கும்போது. அந்தக் கர்ப்பத்தை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. ஆனால் இரத்தப்போக்கு கொஞ்சம் வரும். கலைந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். சில நாளில் குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் நிறையும். தோள்பட்டையில் வலி, மயக்கம், முகம் வெளிறிப்போவது ஆகியவை அதன் அறிகுறிகள். தாமதித்தால் உயிர் போகும். இரண்டாவது கோளாறு, பன்னிரண்டு பதினான்கு வாரத்தில் கடையில் வாங்கி விழுங்குவது. பாதி வெளியேறி மீதி உள்ளே நின்றுவிட, இரத்தம் கொட்டும் அல்லது சீழ் பிடிக்கும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு வாரம் ஏற ஏறத் தையல் இடம் கிழியும் அபாயமும் கூடுகிறது. பெரிய நாப்கின் இரண்டு ஒரு மணி நேரத்தில் நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே ஆனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டாவது மாத்திரைக்குப் பிறகு ஒரு நாள் முழுதும் இரத்தமே வராவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். மூன்றாவது, கலையாமல் கர்ப்பம் தொடர்ந்துவிடுவது. மிசோப்ரோஸ்டால் பட்ட சிசுவுக்குக் கை கால்களிலும் முக நரம்புகளிலும் குறை வரக்கூடும். இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்வது இதற்காகத்தான். அட்டைப் பரிசோதனை மூன்று நான்கு வாரம் வரை இரண்டு கோடு காட்டும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடுத்த கருமுட்டை இரண்டு வாரத்துக்குள்ளேயே வந்துவிடலாம். கருத்தடையை அன்றே தொடங்க வேண்டும்.

கடையில் ஏன் வாங்குகிறார்கள்? மருத்துவமனைக்குப் போனால் "புருஷனைக் கூட்டிட்டு வா" என்று சொல்வதால். சட்டத்தில் கணவனின் கையெழுத்துக்கு இடமே இல்லை. 18 வயது நிறைந்த, மனநோய் இல்லாத பெண் சி படிவத்தில் தான் ஒருத்தி கையெழுத்திட்டால் போதும். கருத்தடை தோற்றுப்போனது என்று சொல்வதற்கு மணமாகியிருக்க வேண்டியதில்லை என்பதையும் 2021 திருத்தம் எழுத்திலேயே கொண்டுவந்துவிட்டது. வந்தவரின் பெயரை வெளியே சொன்னால் சொன்னவருக்கு ஓராண்டு வரை சிறை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று நிபந்தனை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பும்போதும் இரண்டு மூன்று வாரம் போகிறது. ஏழு வாரத்தில் மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது பதினைந்து வாரத்தில் வலி வரவழைத்துப் பெற வைப்பதில் முடிகிறது. கருவை உயிர் என்று மதிக்கிற செவிலியரும் மருத்துவரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர்கள் திருப்பி அனுப்பியதால் அந்தக் கரு பிழைக்கவில்லை. எட்டு வாரம் கூடுதலாக வளர்ந்த பிறகு கலைகிறது, அவ்வளவுதான். மனசாட்சி இடம் தராவிட்டால், செய்கிற மருத்துவரின் பெயரை அன்றே எழுதிக் கொடுத்து அனுப்புவதே நேர்மை.

மாத்திரை கூடாதவர்களுக்கு இன்றும் பல இடங்களில் டி அண்டு சி என்று கூர்விளிம்புக் கருவியால் சுரண்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொல்லி வெகுகாலமாகிறது. 12 வாரம் வரை பிளாஸ்டிக் குழாயும் கையால் இயக்கும் உறிஞ்சு சிரிஞ்சும் போதும். மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் தேவையில்லை. சுரண்டிச் சுரண்டிக் கருப்பையின் உட்சுவர் ஒட்டிக்கொண்டு, பிற்பாடு பிள்ளை வேண்டும் என்று ஏங்கி வருகிறவர்களின் துயரம் தவிர்த்திருக்கக்கூடியது.

பெண் சிசுக்கொலை பற்றி எழுதிய வாசகரின் வேதனை எங்களுக்கும் உண்டு. உசிலம்பட்டியின் கள்ளிப்பாலையும், 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்ததையும், 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்ததையும் மறக்க முடியாது. ஆனால் அதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு, கருக்கலைப்புச் சட்டம் வேறு. முன்னது குற்றம் என்று சொல்வது பாலினம் பார்த்துச் சொல்வதை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கையில் தூக்கிச் செல்லும் ஸ்கேன் கருவியோடு அவ்வப்போது பிடிபடும் கும்பல்களை ஒடுக்க வேண்டியது அந்தச் சட்டத்தின் வழியாகத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, 12 வாரம் தாண்டிய எந்தப் பெண்ணையும் சந்தேகத்தோடு பார்த்து அதிகாரிகள் பதிவேட்டைக் கிளறுவதால், நேர்மையான மருத்துவமனைகள் இரண்டாம் மும்மாதக் கருக்கலைப்பையே நிறுத்திக்கொள்கின்றன. பாலினம் பார்க்கிறவன் எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. அவதிப்படுகிறவள் சட்டப்படி வந்தவள்தான்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுமி என்றால் பாதுகாவலர் ஒருவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். போக்சோ சட்டத்தின்படி மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயர், முகவரி எதையும் குறிப்பிடாமலே தகவல் கொடுக்கலாம் என்று 2022 தீர்ப்பு வழிவிட்டது. முதல் தகவல் அறிக்கை வந்தால்தான் தொடுவோம் என்று நிறுத்திவைப்பது தவறு. வழக்கு நடக்கும் என்றால், வெளியேறிய திசுவை ஃபார்மலினில் போடக் கூடாது, டி.என்.ஏ. சிதைந்துவிடும். உப்புக்கரைசலில் வைத்து, குளிரில் பாதுகாத்து, முத்திரையிட்டு ஒப்படைக்க வேண்டும். இந்தச் சின்னத் தவறால் ஒரு சிறுமியின் வழக்கே விழுந்துபோகும்.

எங்களுக்குள் அதிகம் விவாதம் எழுந்தது ஊனமுள்ள கரு பற்றித்தான். சட்டம் "கடுமையான குறை" என்கிறது, எது கடுமை என்று சொல்லவில்லை. மண்டையோடும் மூளையும் உருவாகாத சிசு பிறந்து சில மணி அல்லது சில நாளுக்கு மேல் வாழாது. அதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. உதட்டுப் பிளவு அறுவையில் சரியாகிவிடும், அதற்காகக் கலைக்கக் கூடாது என்பதிலும் வேறுபாடு இல்லை. நடுவில் இருப்பதுதான் கடினம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள், வேலை செய்கிறார்கள், அறுபது வயது வரையும் வாழ்கிறார்கள். அவர்களின் வாழ்வு மதிப்புக் குறைந்தது என்று ஒரு மருத்துவர் சொல்லத் துணிவது எங்களில் இருவருக்கு ஏற்பில்லை. தனக்குப் பின் அந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிற தாய்க்கு அரசு பதில் வைத்திருக்காத வரை அவளை நியாயம் கேட்க முடியாது என்பது மற்ற மூவரின் நிலை. இரண்டிலும் உண்மை இருப்பதாக ஐவருமே ஒப்புக்கொள்கிறோம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் கழுத்துப்பகுதி ஸ்கேனும் அதோடு செய்யும் இரத்தப் பரிசோதனையும் நோயைக் கண்டுபிடிப்பவை அல்ல, வாய்ப்பை மட்டும் கணக்கிடுபவை. "250-இல் ஒன்று, ஹை ரிஸ்க்" என்று தாள் வந்தால் அத்தகைய 250 கர்ப்பங்களில் 249-இல் அந்தக் குறை இல்லை என்று பொருள். அந்தத் தாளை மட்டும் பார்த்துவிட்டுக் குறையில்லாத கருவைக் கலைப்பது நடக்கிறது. தாயின் இரத்தத்திலிருந்து எடுக்கும் புதிய மரபணுச் சோதனையும் சலித்துப் பார்ப்பதுதான், முடிவு அல்ல. உறுதிப்படுத்துவது 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை எடுத்துச் செய்யும் பரிசோதனை. அதனால் கரு கலையும் அபாயம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதேபோல, இதயத்தில் வெள்ளைப் புள்ளி, மூளையில் சிறு நீர்க்கட்டி என்று ஸ்கேன் அறிக்கையில் தனியாக ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது ஒன்றுமில்லை. அறிக்கை எழுதுகிறவர் அதை ஒரு வரி விளக்கி எழுதினால் ஒரு குடும்பத்தின் தூக்கம் போகாது.

உடற்குறை ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டியது. நம் பக்கத்தில் "அஞ்சாம் மாசம் முடியட்டும்" என்று 22, 23-இல் வருகிறார்கள். அப்போது இதயத்தில் சந்தேகம் என்றால் சிசு எக்கோவுக்கு நகரத்துக்கு அனுப்ப வேண்டும். பனிக்குட நீரின் முழு முடிவு வர இரண்டு மூன்று வாரம். 25, 26 ஆகிவிடும். வாரியம் விண்ணப்பம் கிடைத்த மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் ஐந்து நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வாரியத்தை அணுகும் வழியே தெரியாமல், 24 வாரத்துக்குள் இருக்கிற பெண்களும்கூட உயர் நீதிமன்றப் படியேறுகிறார்கள். எதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று மருத்துவருக்கே தெரியாததுதான் காரணம்.

வாரம் ஏறும்போது கேள்வியின் தன்மையே மாறிவிடுகிறது. 24-க்குப் பிறகு, நல்ல பச்சிளங்குழந்தைப் பிரிவு இருந்தால் சிசு பிழைக்கத் தொடங்குகிறது. நுரையீரலை விரிய வைக்கும் வழுவழுப்பான பொருள் போதுமான அளவு சுரந்திருக்காது. அதைக் குழாய் வழியே செலுத்தி, வாரக்கணக்கில் செயற்கைச் சுவாசம் கொடுத்து, மூளையில் இரத்தக்கசிவும் கண்ணின் விழித்திரைக் கோளாறும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டத்தில் வலி வரவழைத்தால் உயிருள்ள குழந்தை பிறக்கலாம். பிறந்துவிட்டால் அது கரு அல்ல, எல்லாக் குழந்தைக்கும் உள்ள சிகிச்சை உரிமை அதற்கும் உண்டு. இதயத்தை முன்பே நிறுத்துவதா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. எங்களில் எவரும் அதை லேசாக எடுத்துக்கொண்டதில்லை. 2017-இல் சண்டிகரின் பத்து வயதுச் சிறுமிக்கு 32 வாரத்தில் அனுமதி மறுக்கப்பட்டபோது, கலைப்பதும் பெறுவதும் அந்த உடலுக்கு ஒரே அளவு ஆபத்தாகிவிட்டிருந்தது. அவளுக்கு யாராவது பத்தாவது வாரத்தில் அட்டைப் பரிசோதனை செய்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கத்தான் முடிகிறது.

பெற்றுக் கொடுத்துவிடலாமே என்று எழுதிய வாசகர்களுக்கு: கொடுக்கலாம், வழி தெரிந்திருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால் 60 நாள் வரை மனம் மாறித் திரும்பக் கேட்கலாம். அடையாளம் இரகசியமாக இருக்கும். மணமாகாத தாய் என்றால் அவர் கையெழுத்து மட்டும் போதும். மணமானவர் என்றால் கணவரும் கையெழுத்திட வேண்டும். இதைத்தான் பலர் அறியாமல் நர்ஸ் மூலமும் புரோக்கர் மூலமும் பிள்ளையைக் கைமாற்றி, ஐந்தாண்டு சிறைக்குரிய விற்பனைக் குற்றத்தில் சிக்குகிறார்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வேண்டும் என்பதால், யாருக்கும் தெரியாமல் பெற்றுக் கொடுக்க நினைக்கும் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியவே அஞ்சுகிறாள். பதியாததால் ஊசி, இரும்புச்சத்து, ஸ்கேன் எதுவும் கிடைப்பதில்லை. இத்தகைய பெண்களைத் தனியாக, ஊர்ப் பெயர் வெளியே தெரியாமல் பதிவு செய்ய ஒரு ஏற்பாடு வேண்டும்.

உயிரைக் காப்பது பற்றிப் பேசும்போது ஃபோலிக் அமிலத்தையும் சொல்லிவிட வேண்டும். சிசுவின் தண்டுவடக் குழாய் கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பெரும்பாலோர் பதிவு செய்ய வரும்போது மூடி முடிந்திருக்கும். மூடாமல் போனதும் முடிந்திருக்கும். தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைப் பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற மாதமே தொடங்க வேண்டும். முந்தைய குழந்தைக்கு அந்தக் குறை இருந்திருந்தால் மருத்துவர் அதைப்போல் பத்து மடங்கு எழுதித் தருவார். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற குடும்பங்களில் பிறவிக் குறை அபாயம் கூடுதல் என்பதால் திருமணத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை கேட்பது நல்லது. இந்த மாத்திரையின் விலை மிகக் குறைவுதான். வாரியத்தின் முன் கண்ணீரோடு நிற்கும் தம்பதிகளில் சிலரை அது அங்கே வரவிடாமல் தடுத்திருக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய வழக்குகளைச் செய்தியாக்கும்போது எத்தனை வாரம் என்று தலைப்பில் போடுகிறீர்கள். அந்தப் பெண் முதன்முதலில் எந்த வாரத்தில் மருத்துவமனைக்குப் போனார், என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், அடுத்த இடத்துக்குப் போக எத்தனை நாள் ஆனது என்பதையும் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும். ஊர், தெரு, கணவரின் தொழில் என்று அடையாளம் காட்டும் எதையும் எழுத வேண்டாம். செய்தியின் அடியில் 104 என்ற மாநிலச் சுகாதார உதவி எண்ணையும், கணவரின் கையெழுத்து தேவையில்லை என்ற ஒரு வரியையும் ஒவ்வொரு முறையும் அச்சிட்டால், அடுத்த பெண் அதைப் படிக்கும்போது அவளுக்கு எட்டு வாரமாகவே இருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மகப்பேறு மருத்துவர்கள் மூவர்,
பச்சிளங்குழந்தை மருத்துவர் ஒருவர்,
கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
மதுரை.